பலிக்காத நேர்த்திக்கு ஒரு பொங்கல்

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் ஊரான சரவணையிலிருந்து புறப்பட்டேன். நான் எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். இருந்தாலும் என் பயணத்தை வேறொருவர் சொல்ல விட எனக்கு மனமில்லை.

கையில் ஒரு பனையோலை உமல். அதற்குள் புதுமண்பானை, ஒரு கொத்துப் பச்சையரிசி, பயறு, சர்க்கரை, பால். மூத்த மகள் யாழ்ப்பாணத்தில் ஆசுப்பத்திரியில் இருக்கிறாள். மார்பில் கட்டி. திங்கட்கிழமை சத்திரசிகிச்சை. “நயினாதீவு அம்மாளாச்சிக்கு ஒரு நேத்தி வையுங்கோ அம்மா” என்று தனக்காக நேர்த்திக்கடன் வைக்கச் சொல்லிக் கேட்டிருந்தாள்.

வேலணையில் ஏழு மணிக்குப் பஸ் வந்தது. டிக்கெட் எழுபது ரூபாய்.

“அம்மா, உமலைத் தாங்கோ, முன்னுக்கு வைக்கிறன்” என்றார் கொண்டக்டர்.

“ஏலாது தம்பி. அது என்ரை மடியிலைதான் வரும்.”

கடலை அறுத்துப் போகும் வீதியால் புங்குடுதீவுக்கு ஏறி, எட்டு மணிக்குக் குறிகட்டுவானில் இறங்கினேன். நயினாதீவுக்குப் படகில் இருபது நிமிடம். பக்கத்தில் ஊர்காவற்றுறையிலிருந்து வந்த ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். வாய் ஓயாதவள்.

“பொங்கலோ அக்கா? என்ன நேத்தி?”

“என்ரை மனிசன் வருத்தத்திலை படுக்கையாக் கிடந்தவர். எழும்பி நடக்க வேணுமெண்டு வைச்சனான்.”

“அம்மாளாச்சி ஆரைக் கைவிட்டவ! இப்ப நடக்கிறாரோ?”

“செத்துப் போனார். முப்பத்திரண்டு வருசம்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “பலிச்சால்தானே அக்கா பொங்கிறது? தராத சாமிக்குப் பொங்கிற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்!” படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“நானும் இவ்வளவு காலமா அதைத்தான் சொன்னனான்” என்றேன்.

உண்மை அதுதான். ‘நீ தரவில்லை, நான் பொங்கவும் மாட்டேன்’ என்று அம்மாளிடம் கோபித்துக்கொண்டு, அன்றிலிருந்து இந்தத் தீவை மிதிக்காதவள் நான். சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்த இடத்தில்தான் அவர் செத்தார். மூன்று பிள்ளைகள். முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்காரி தன் குசினியைப் பாதியாக மறைத்து எங்களுக்குத் தந்து, தன் உலையிலேயே எங்களுக்கும் சோறு வடித்தாள். போன புதன்கிழமை கட்டிலில் படுத்துக்கொண்டு மகள் சொன்னாள்: “அப்பா போன வருசம் நாங்கள் ஒருநாளும் பசியோடை படுக்கேல்லை, என்னம்மா?” ஒன்பது வயதில் அவள் கண்டதை நான் இத்தனை காலம் காணவில்லை. அன்றிரவே அரிசியைப் புடைத்து வைத்தேன்.

ஒன்பது மணிக்குக் கோயில் வீதியில் கல் வைத்து அடுப்பு மூட்டினேன். கடற்காற்று நெருப்பை நிற்க விடவில்லை. படகில் கேலி செய்தவள் தன் குடையை விரித்துக்கொண்டு வந்து காற்றுப் பக்கம் குந்தினாள். பால் பொங்கியது. கிழக்கே வழிந்தால் நல்லது என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. அது மேற்கே வழிந்தது.

அவள் முகம் வாடிவிட்டது. “அக்கா... மேற்குப் பக்கமெல்லே போகுது.”

“போகட்டும். நிலம் அந்தப் பக்கம் சரிவு. நீர் அரிசியைப் போடும்.”

படைத்த பிறகு அவள் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அம்மாள் முன் நின்று மகளின் பெயரைச் சொன்னேன். இதைத் தந்தால் அதைச் செய்வேன் என்று இம்முறை பேரம் பேசவில்லை. அவளைப் பார்த்துக்கொள், எது வந்தாலும் நான் வருவேன் என்று மட்டும் சொன்னேன்.

பன்னிரண்டரைப் படகுக்கு நிற்கும்போது ஆசுப்பத்திரியிலிருந்து மகள் போன் எடுத்தாள்.

“எனக்கு என்ன நேத்தி வைச்சனீங்கள் அம்மா?”

“உனக்கு ஒண்டும் வைக்கேல்லை. உன்ரை கொப்பருக்கு அண்டைக்கு வைச்ச நேத்தியைத் தீர்த்திட்டு வாறன்.”

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “அப்ப எனக்கு?”

“உனக்குப் பொங்கல் கொண்டு வாறன். பசியோடை இரு.”

திங்கட்கிழமை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. போகும்போது ஒருவருக்கும் கொடுக்காத உமலை, வரும்போது பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, யாழ்ப்பாணம் வரை கண்ணயர்ந்தேன்.