மைனஸ் ஒன்று பெரியதா?

ஆற்றுநீர் மைனஸ் இரண்டு அடியைத் தாண்டினால் மதகை மூட வேண்டும். விதி அதுதான். சாலை மட்டம் பூஜ்யம். எங்கள் வீட்டுத் தரையும் பூஜ்யம்.

நேற்று பிரிக்பீல்ட்ஸில், பாதாளக் கார் நிறுத்தத்திலிருந்து லிஃப்டில் ஏறினேன். சிவப்பு எழுத்தில் மைனஸ் மூன்று, இரண்டு, ஒன்று. உடனே கிள்ளான் ஆற்றங்கரை வீட்டின் சேற்று வாடை மூக்கில் ஏறியது.

நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு தீபாவளி முடிந்த வாரம் அது. கடல் ஏற்றத்தில் ஆறு பின்னோக்கிப் பெருகியது. காலையில் அளவுப் பலகையில் மைனஸ் மூன்று. மதியம் மைனஸ் ஒன்று. அம்மா மதகுக்காரரிடம் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“அண்ணே, கதவ மூடுங்க! தண்ணி ஏறுது!”

“ரெண்டத் தாண்டினாதான் மூடணும்மா. இப்ப ஒண்ணுதானே, கொறஞ்சிருக்கு லா.”

“கொறஞ்சிருந்தா உங்க சைக்கிள் ஏண்ணே நனையுது?”

அவர் சைக்கிளை மேட்டுக்கு நகர்த்தினார். “சந்தேகம்னா ஆபீஸுக்கு எழுதிக் கேளுங்க.”

அம்மா அன்றே எழுதிப் போட்டார். ஆறு பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சத்தமே இல்லாமல் பூஜ்யத்தைத் தொட்டு, பிளஸ் ஒன்றாகி, வீட்டுக்குள் வந்தது. கட்டில்மேல் நின்று பார்த்தேன். கூடம் முழுக்க வானம் கிடந்தது. அவ்வளவு பெரிய ஒன்றை அதன்பின் நான் பார்த்ததில்லை.

பிறகு முப்பது வருடம் நானும் கோப்புகளோடு இருந்தவன். அதனால் சொல்கிறேன், முறைப்படியான பதில்தான். முத்திரை, கையெழுத்து எல்லாம் சரி. ‘மைனஸ் இரண்டைவிட மைனஸ் ஒன்றே பெரியது’ என்ற அந்தக் கடிதம், சேறு கழுவி வெள்ளையடித்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது பொங்கலுக்கு மறுநாள்.