பத்து நிமிடம் மீதமிருக்கப் பேனாவை வைத்தவர்

ஞானதாஸ் இறந்த செய்தியை அவர் மனைவி சாந்தி தொலைபேசியில் சொன்னபோது, பூவாரில் நான் காவல் நிற்கும் விடுதியின் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நெஞ்சுவலி, காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். சரி என்றேன். கார் எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டுக் கதவைத் திறந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

நம் முன்னாள் படைவீரர் சங்கத்தில் அவரை அறியாதவர் இல்லை. இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்து நாயக் பதவியில் ஓய்வு பெற்றவர். பட்டப்படிப்புக்கு ஈடாகப் பட்டாளம் தரும் சான்றிதழ் அவரிடமும் இருந்தது. குளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட அலுவலக வேலைக்கு அதைக் கொண்டுபோனார். பல்கலைக்கழகப் பட்டம்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நானாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவர் சொன்னார்: "அவிய சொன்னது சரிதான் மக்கா. இது பட்டாளம் தந்த காகிதமாக்கும். நான் படிச்சு வாங்கின காகிதம் ஒண்ணு வேணும்."

படைவீரருக்கான கட்டணச் சலுகையில் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். என்னையும் இழுத்துப்போட்டார். ஞாயிறுதோறும் நெய்யாற்றின்கரையில் வகுப்பு. ஆராதனைக்கு வராததைப் போதகர் கேட்டபோது, "கர்த்தருக்கு மனசிலாவும்" என்றாராம். மகள் வயதுள்ள ஆசிரியை உள்ளே வந்தால் விறைப்பாக எழுந்து நிற்பார். உட்காரச் சொல்லும்வரை உட்காரமாட்டார். ஒருநாள் அந்த அம்மா சொல்ல மறந்து பாதிப் பாடத்தை நடத்திவிட்டார். ஞானதாஸ் நின்றுகொண்டேதான் குறிப்பெழுதினார்.

கடைசித் தேர்வுக்கு மட்டும் மையம் மாறியது. பழைய இடத்தில் நேரம் முடியும்போது மட்டும்தான் மணி அடிப்பார்கள். புதிய இடத்தில், நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதும் ஒரு மணி அடித்தார்கள். அவர் பேனாவை வைத்துவிட்டு, கைகளை முழங்காலில் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு வரிசை பின்னாலிருந்த நான், எல்லாம் எழுதிவிட்டார் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் கேட்டேன்.

"ரெண்டு கேள்வி பாக்கி உண்டு. விடை தெரியும். மணி அடிச்சாச்சுல்லா?"

"எலே, அது எச்சரிக்கை மணியாக்கும்!"

வயிறு வலிக்கச் சிரித்தேன். சங்கத்தில் நான் சொல்லி நீங்களும் சிரித்தீர்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அந்த ஒரு பாடத்தில் நான்கு மதிப்பெண்ணில் பட்டம் போயிற்று. மறுதேர்வுக்கு விண்ணப்பித்திருந்தார்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் மறுதேர்வுக்கான நுழைவுச்சீட்டு வந்தது. சாந்தி அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, அவிய விட்ட பரீட்சைய நான் எழுதினா எடுப்பினுமா?"

எடுக்கமாட்டார்கள் என்றேன். சாந்தியே தம் பெயரில் சேர்ந்து படிக்கலாம், படைவீரரின் விதவைக்கும் சலுகை உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். விதவை என்ற சொல் வரவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

ஞானதாஸால் எனக்கு மிஞ்சியது என் பட்டம். அவர் இழுத்துப்போகாவிட்டால் கிடைத்திருக்காது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டச் சொல்கிறார்கள் வீட்டில். எனக்கு வெட்கமாக இருக்கிறது. சாந்தி வந்தபோது அது மேசைமேல்தான் கிடந்தது. செய்தித்தாளை எடுத்து மூடிவிட்டேன்.