ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு சட்டி ஜம்பலாயாவும்

அரிசி என்று வந்துவிட்டால் நாஸியாவைக் கூப்பிடக் கூடாது. ராயப்பேட்டையில் அந்த மாடி வீட்டில் பதினோரு வருடமாக இதுதான் சட்டம். யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் தெருக் குழந்தைகள் வரை எல்லோருக்கும் தெரியும்.

மற்ற எந்த வேலையிலும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பத்தாவது முடித்த கையோடு ஊசியைப் பிடித்தவள். தி. நகர் புடவைக் கடைகளிலிருந்து மூட்டையாக வாங்கி வந்து ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறாள். அவள் தைத்த புடவையைப் புரட்டிப் பார்த்தால் தையல் எங்கே என்று தேட வேண்டும். கணவர் ரெஹான் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார். மகள் மஹ்விஷை அடையாற்றில் கல்லூரி வரை கொண்டுவந்து நிறுத்தியது நாஸியாவின் ஊசிதான். மாடியில் அவளும் மகளும், கீழே அக்கா ஜஹீதாவும் மச்சான் இனாயத்தும். சமையல் மட்டும் கீழே, ஒரே அடுப்படியில்.

இனாயத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் கார் சீட் கவர் தைக்கும் கடை. ஆனால் தெருவில் அவருக்குப் பெயர் கொடுத்தது பக்ரீத் பிரியாணி. வருடா வருடம் அவர் அடுப்பேற்றும் தேக்சா என்ற பெரிய அண்டாவிலிருந்து இருபது வீட்டுக்குத் தட்டு போகும்.

பதினோரு வருடத்துக்கு முன்பு ஒரே ஒரு பக்ரீத்துக்கு அந்தத் தேக்சா நாஸியாவின் கைக்கு வந்தது. அவளே கேட்டு வாங்கினாள். இறைச்சி பதமாக வெந்தது. அரிசியைப் போட்டு, மூடியில் வெள்ளைத் துணி சுற்றி, மேலே அம்மிக் குழவியை வைத்து, தம்மில் விட்டுவிட்டுக் குளித்துப் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தபோது துணியின் வெளி ஓரம் ஒரு பக்கம் சொதசொதவென்று நனைந்திருந்தது. ஆவி என்று நினைத்துக்கொண்டாள். மூடியைத் திறந்தாள். உள்ளே இருந்தது பிரியாணி இல்லை. கரண்டியால் அள்ளினால் மொத்தையாக வந்தது, தட்டில் போட்டால் தொப்பென்று விழுந்தது.

"நோன்புக்குத்தான் கஞ்சி காய்ச்சுவாங்க, நம்ம நாஸியா பக்ரீத்துக்கே காய்ச்சிட்டா!" என்று இனாயத் சொன்னார். கூடம் முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு அவள் கையிலிருந்து கரண்டி போய் வெங்காயம் வந்தது. அதற்குப் பிறகு பத்து பக்ரீத்துக்கும் எட்டெட்டு கிலோ வெங்காயம் அவள்தான் உரித்தாள்.

இந்த வருடம் இனாயத் ஸ்கூட்டரில் சறுக்கி விழுந்து வலது தோளைக் கெடுத்துக்கொண்டார். ஆறு மாதத்துக்குக் கையைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்ரீத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"சுரேஷ்குமார்னு நங்கநல்லூர்ல ஒரு கேட்டரிங்காரர் இருக்கார். சுத்தமா செய்வார். சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றார் இனாயத்.

நாஸியா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்: "வெளி ஆள் எதுக்கு மச்சான்? நான் வைக்கிறேன்."

"நீயா? இருபது வீட்டுக்கும் கஞ்சி அனுப்பறதுக்கா?"

"ஒரு தடவை தப்பிடுச்சு. அதுக்கு ஆயுசுக்கும் வெங்காயமா?"

ஜஹீதா குறுக்கே வந்தாள். "அவ கேக்குறதுல இன்னாங்க தப்பு? ஒரு வாய்ப்புக் குடுங்களேன்."

இனாயத் தாடியைத் தடவினார். "சரி. ஞாயித்துக்கிழமை மஹ்விஷோட சிநேகிதிங்க சாப்பிட வர்றாங்கல்ல? அவங்களுக்கு ஒரு அரிசிச் சாப்பாடு செய். பருக்கை பருக்கையா நின்னா பக்ரீத் தேக்சா உன்னுது. குழைஞ்சா அன்னைக்குச் சாயங்காலமே சுரேஷ்குமாருக்கு போன் போட்டுடுவேன்."

"போடுங்க. ஆனா ஞாயித்துக்கிழமை முடியற வரைக்கும் போனைக் கையில எடுக்காதீங்க."

அங்கேதான் ஒரு சிக்கல் இருந்தது. மஹ்விஷும் அவள் சிநேகிதிகளும் முறை வைத்து வீட்டுக்கு வீடு போய்ச் சாப்பிடுகிறவர்கள். அந்த வீட்டில் அதுவரை செய்யாத ஒரு சாப்பாடாக இருக்க வேண்டும், அதுவும் ஒரே பாத்திரத்தில் செய்ய வேண்டும் என்பது அவர்கள் வைத்த விதி. மஹ்விஷ் ஏற்கெனவே 'ஜம்பலாயா' என்று வாயை விட்டிருந்தாள்.

"ஜம்பலாயாவா? அது இன்னாடி, பேரே மந்திரம் போடுற மாதிரி?" என்றாள் ஜஹீதா.

"அமெரிக்காவுல தெக்குப் பக்கம் செய்யறது பெரியம்மா. கோழி, இறால், சாசேஜ், தக்காளி, அரிசி எல்லாம் ஒரே சட்டியில. ரொம்ப ஈஸி. வீடியோவுல அரை மணி நேரத்துல முடிச்சிட்டாங்க."

"அவங்க வீட்ல உன் பெரியத்தா இல்லை, அதான்" என்றாள் நாஸியா, இனாயத் இருந்த பக்கம் கண்ணைக் காட்டி.

வியாழக்கிழமை முதல் ஒத்திகை. ஒரு டம்ளர் அரிசி. பிரியாணி வீட்டில் பிறந்து வளர்ந்த கை என்ன செய்யும்? அரிசியைத் தனியாகக் கொதிக்க விட்டு, முக்கால் பதத்தில் வடித்து, பிறகு சட்டியில் இருந்த சாற்றில் போட்டது. பத்து நிமிடத்தில் எல்லாம் கரைந்துபோனது. நாஸியா மூடியைப் பிடித்தபடி நின்றாள். கண் கலங்கிவிட்டது.

"பச்சை அரிசிய அப்படியே போடணும்மா, வடிக்கறதே கிடையாது" என்று மஹ்விஷ் வீடியோவைக் காட்டினாள். நாஸியா அதை ஏழு முறை பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது ஒத்திகை. ஊறவைத்த பச்சை அரிசியை நேராகச் சட்டியில் போட்டு, வீடியோவில் சொன்னபடி ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றினாள். மேலே அரிசி நன்றாகத்தான் நின்றது. அடியில் பசை.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் நெற்றியில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். நாஸியா புடவையில் தையல் கோணினால் நூலைப் பிரித்துக் கோணிய இடத்தைத் தேடுகிறவள். அதே மாதிரி தேடினாள். வெங்காயத்தையும் தக்காளியையும் மட்டும் தனியாக வதக்கி, விட்ட தண்ணீரை வடித்து டம்ளரில் ஊற்றிப் பார்த்தாள். கால் டம்ளர்.

"அக்கா, இங்க பாரு. திருடன் இவன்தான்."

ஜஹீதா காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அவள் சொல்லச் சொல்ல எழுதினாள். ஊறிய அரிசி ஒரு டம்ளருக்கு மொத்தம் ஒன்றரை டம்ளர் ஈரம் போதும். அதில் கால் டம்ளரைத் தக்காளி கொடுத்துவிடும். நாம் ஊற்ற வேண்டியது ஒன்றேகால். ஒன்பது பேருக்கு அரிசி நாலு டம்ளர், சாறு ஐந்து டம்ளர். ஒரு சொட்டு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்தத் தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாஸியா ஜாம் பஜாருக்குப் போனாள். இறால் விற்கும் முனியம்மாள் அவளைப் பார்த்ததும் கூடையை நகர்த்தினாள்.

"வா கண்ணு. இன்னா விசேஷம்? தோள் போனாலும் உங்க மச்சானுக்கு நாக்கு போவலபோல கீது!"

"இது நான் சமைக்கறது முனியம்மாக்கா."

"நீயா? அப்போ பெருசா எடுத்துக்கோ. தலைய தூக்கிக் கடாசிடாத. கொதிக்க வெச்சு வடிகட்டிக்கோ. கடலே அதுலதான் கீது."

அந்தத் தலைகள்தான் ஐந்து டம்ளர் சாறாயின. செலரி என்று வீடியோவில் சொன்ன தழை கிடைக்கவில்லை. கொத்தமல்லித் தண்டைப் பொடியாக அரிந்துகொண்டாள். மஹ்விஷ் வாங்கி வந்த காய்ந்த தைம் இலையை முகர்ந்து பார்த்து, "இது ஓம வாசனைதானே, இதுக்கா இவ்வளவு விலை?" என்று டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை ஓமத்தை எடுத்து வைத்தாள். ஒன்றுதான் இடித்தது. வீடியோவில் சாசேஜைப் புகை போட்டது என்றார்கள். கடையில் வாங்கிய ஹலால் கோழி சாசேஜில் புகையின் சுவடே இல்லை.

நாஸியா ஒரு சின்னக் கிண்ணத்தோடு தெருமுனைக்குப் போனாள். இஸ்திரி வண்டியில் வடிவேலு பெட்டியை விசிறிக்கொண்டிருந்தான்.

"வடிவேலு, ஒரு துண்டு நெருப்பு குடு."

"இன்னாக்கா, துணி எதுவும் இல்லாம நெருப்ப மட்டும் கேக்கற? யார் வூட்டைக் கொளுத்தப் போற?"

"எங்க மச்சானோட வாயை."

"அப்ப ரெண்டு துண்டா எடுத்துக்கோ!"

பகல் பன்னிரண்டு மணிக்கு வாயகன்ற அடிகனமான சட்டி அடுப்பில் ஏறியது. இறாலை எண்ணெயில் பிரட்டித் தனியே எடுத்து வைத்தாள். அதே எண்ணெயில் கோழியும் சாசேஜும் சிவந்தன. நடுவில் கிண்ணத்தை வைத்து, கனலும் கரித்துண்டின் மேல் அரைக் கரண்டி நெய் விட்டு மூடினாள். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தபோது அடுப்படியே கல்யாண வீடாக மணத்தது. பிறகு வெங்காயம், குடைமிளகாய், தண்டு, பூண்டு, தக்காளி, மிளகாய்த்தூள், மிளகு. அரிசி. சுவரில் இருந்த தாளைப் பார்த்துப் பார்த்து ஐந்து டம்ளர் சாறு. கொதி வந்ததும் தீயைத் தணித்தாள். மூடியில் வெள்ளைத் துணி சுற்றி அழுத்தி மூடினாள். மணி பன்னிரண்டு நாற்பது. பதினைந்து நிமிடத்துக்கு யாரும் தொடக் கூடாது.

நாற்பத்தெட்டுக்கு வாசல் மணி அடித்தது. மஹ்விஷின் சிநேகிதிகள் ஐந்து பேரும் கொட்டிவாக்கத்துத் தமிழ்நிலாவின் தலைமையில் வந்து இறங்கினார்கள். ஜஹீதா கூடத்தில் பாய் விரித்தாள். நாஸியா அவர்களை உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் டம்ளர் எடுக்க அடுப்படிக்குத் திரும்பினாள். நிலையிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே இனாயத் நின்றுகொண்டிருந்தார். இடது கை மூடிமேல் இருந்தது. தூக்கக் கூடாத வலது கையில், தாழ்வாக, ஒரு சொம்புத் தண்ணீர். சொம்பைச் சாய்த்துப் பிடித்திருந்ததில், வெளியே தொங்கிய துணியின் ஓரம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஈரத்தை நாஸியா பார்த்திருக்கிறாள். சரியாக அதே மாதிரி, பதினோரு வருடத்துக்கு முன்பு.

"மச்சான், கையை எடுங்க."

அந்தக் குரலில் அவள் அவரிடம் அதுவரை பேசியதில்லை. கூடத்திலிருந்து ஜஹீதா ஓடி வந்தாள்.

"இல்லம்மா, நாலு டம்ளர் அரிசிக்கு அஞ்சு டம்ளர்தான் ஊத்தினதா எழுதியிருக்கு. பத்தவே பத்தாது. அரிசி வேகாமயே நின்னுடப் போகுதேன்னு..."

"அன்னைக்கும் இப்படித்தான் நெனைச்சீங்களா?"

இனாயத் சொம்பை மெதுவாக மேடைமேல் வைத்தார். மூடியைத் தொட்டிருந்த கை கீழே வந்தது.

"தொழுதுட்டு வந்து பார்த்தேன். நீ குளிக்கப் போயிருந்தே. மேல அரிசி வேகாம முழிச்சிக்கிட்டிருந்துச்சு. ஒரு சொம்பு ஊத்தினேன்" என்றார். பிறகு இன்னும் மெல்ல, "ஒண்ணு இல்ல. ரெண்டு."

"அப்புறம் நீங்களே கஞ்சின்னு சிரிச்சீங்க!" என்றாள் ஜஹீதா. நாஸியாவைவிட அவளுக்குத்தான் முகம் சிவந்திருந்தது. "பத்து வருஷமா என் தங்கச்சி வெங்காயம் உரிக்கறா. நீங்க பாட்டுக்குப் பேசாம இருந்துட்டீங்க!"

"எல்லாரும் சிரிச்சதுக்கு அப்புறம் எப்படிச் சொல்றது ஜஹீதா? அந்த ஒரு நாள் சொல்லல. அதுக்கப்புறம் சொல்லவே வாய் வரல."

நாஸியா கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. "சண்டைய அப்புறம் வெச்சிக்கலாம். இன்னும் மூணு நிமிஷம் இருக்கு. திறந்தீங்களா, இல்லையா?"

"சத்தியமா இல்ல. தூக்கறதுக்குள்ள நீ வந்துட்ட."

மூன்று நிமிடம் முடிந்தது. நாஸியா அடுப்பை அணைத்து, இன்னும் ஐந்து நிமிடம் ஆற விட்டு, சட்டியை அப்படியே துணியோடு தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தின் நடுவில் வைத்தாள். பிறகு திறந்தாள்.

ஆவி மேலே போனது. தக்காளிச் சிவப்பில் அரிசி நிமிர்ந்து நின்றது. இறாலைத் தூவி, கரண்டிக் காம்பால் ஓரத்திலிருந்து கிளறினாள். அடியில் பசை இல்லை. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக, கொட்டிய மணியைப் போலத் தட்டில் உருண்டது. ஊசியை எண்ணி எண்ணிக் குத்தும் அந்தக் கைதான் அதையும் செய்திருந்தது.

இனாயத் ஒரு பருக்கையை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அழுத்தினார். நசுங்கியது, ஆனால் ஒட்டவில்லை. அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பிள்ளைங்களா, உங்ககிட்டயும் சொல்லிடறேன். இந்த வீட்ல அரிசியைக் குழைச்சது நான். பதினோரு வருஷமா இவ பேர்ல எழுதி வெச்சிருந்தேன்."

விருந்தாளிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. தமிழ்நிலா மட்டும் வாய் நிறைய மென்றபடி, "ஆன்ட்டி, அதெல்லாம் இருக்கட்டும், இன்னும் கீதா?" என்று தட்டை நீட்டினாள். ஒன்றரை மணிக்குச் சட்டியில் வழிக்கக்கூட ஒன்றுமில்லை.

சாயங்காலம் இனாயத் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "சுரேஷ்குமாரா? வேணாம்பா. எங்க வீட்லயே ஆள் இருக்கு. ஆமா, என் மச்சினிச்சி. என்னைவிட நல்லா வைக்கும்."

பக்ரீத் அன்று தேக்சா நாஸியாவுடையது. பன்னிரண்டு கிலோ அரிசி. எட்டு கிலோ வெங்காயத்தை இனாயத் நாற்காலியில் உட்கார்ந்து உரித்தார். அதற்குத் தோளைத் தூக்க வேண்டியதில்லை என்று ஜஹீதா டாக்டரிடமே கேட்டு வந்திருந்தாள். அவர் கண்ணில் நீர் கொட்டியதைப் பார்த்து, தெருக் குழந்தைகள் வரிசையாக வந்து நின்று சிரித்தன.

தம் போட்டுத் துணி சுற்றிக் குழவியை ஏற்றியதும், நாஸியா கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் குளிச்சிட்டு வரணும். யார் பார்த்துக்கறீங்க?"

இனாயத் தலையைக் குனிந்துகொண்டார்.

"மச்சான், நீங்க உட்காருங்க" என்றாள் நாஸியா.

அரை மணி நேரத்தில் புதுப் புடவையோடு திரும்பி வந்தாள். இனாயத் தேக்சா பக்கத்தில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதும் பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தார். நாஸியா குனிந்து துணியின் ஓரத்தைச் சுற்றிலும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

காய்ந்திருந்தது. மூடியைத் திறந்தாள். இருபது வீட்டுத் தட்டுகளும் வரிசையில் காத்திருந்தன.