மிஸ்வாக் வெட்டப் போன காலை

நோன்பு பிறக்க ஒரு கிழமை இருக்கையில், சனிக்கிழமை காலை ஆறரைக்குத் தில்லையடியிலிருந்து புறப்பட்டோம், நானும் மகனின் மனைவி சில்மியாவும். திரீவீலருக்குப் போய்வர ஐயாயிரம் ரூபாய். சாரதி நவாஸ் ஆறாயிரம் கேட்டவர். என் முகத்தைப் பார்த்துக் குறைத்துவிட்டார்.

போன இடம் நுரைச்சோலைக்கு அப்பால், கடலோரம் வாப்பா எனக்கு எழுதிவைத்த காணி. அங்கே அரபு நாட்டில் போலவே நோன்புக்குப் பல்குச்சி வெட்டுகிற மிஸ்வாக் மரம் ஒன்று நிற்கிறது. ஒவ்வொரு நோன்புக்கும் முன்னால் அதை வெட்டி, எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒரு கட்டுக் கொடுப்பேன். கடையிலும் குச்சி விற்கிறார்கள், காய்ந்துபோய். என்னுடையது பச்சை. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பானேன்.

சில்மியா விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். அவள் வந்தது வேறு காரியத்துக்கு. இந்தச் சாதி மரத்தில் முட்டையிடுகிற வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டாம். நாட்டிலே வறண்ட கரையோரம் சில இடங்களில்தான் காணலாமாம். அதைப் படமெடுக்க வேண்டும் என்று ஒரு வருஷமாக அலைகிறாள்.

பாலாவிச் சந்தியில் கற்பிட்டிப் பக்கம் திரும்பியதும் உப்பளம். கிடுகு போர்த்திய உப்புக் குவியல்கள், பிறகு தென்னை, பிறகு மின்சாரக் காற்றாடிகள். ஏழே முக்காலுக்குக் காணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வேலியோர எருக்கலையில் செம்மஞ்சளாக ஒன்று பறந்தது.

“இந்தா புள்ள, உன்ட பூச்சி,” என்றேன்.

“இல்ல மாமி, இது வேற. தலையில வெள்ளைப் புள்ளி பாருங்க. நம்மட வளவுலயும் இரிக்கி.”

நவாஸ் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நேரே மரத்தடிக்குப் போய், தளிர்விட்ட கொப்பு ஒன்றைப் பிடித்துக் கத்தியை ஓங்கினேன்.

“மாமி, கைய எடுங்க!”

என்னிடம் அவள் குரல் உயர்த்தியதை அன்றுதான் கேட்டேன். இலையைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் குரக்கன் மணியைவிடச் சிறிய முட்டைகள், ஒட்டி ஒட்டி. அடுத்த இலையில் பச்சைப் புழுக்கள் நெருங்கிக் கிடந்தன.

“அதுதானா?”

“தாயக் காணாமச் சொல்லேலாது மாமி.”

உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. பழுத்த இலை என்று நான் நினைத்திருந்த ஒன்று மெல்லச் சிறகு விரித்தது. உள்ளே அவித்த இறாலின் நிறம். சுற்றிவரக் கறுப்புக் கரை, அதில் வெளிறிய பொட்டுகள். சில்மியா மூச்சுவிடாமல் படமெடுத்தாள். போனில் இருந்த படத்தோடு வைத்துப் பார்த்தாள்.

“அதேதான் மாமி! சின்னச் சால்மன் அரபு எண்டு பேர்.”

“அரபா? அப்ப மிஸ்வாக்குக்கு வரத்தானே வேணும்!” என்றார் நவாஸ். அதற்கு நானும் சிரித்தேன்.

சிரித்து முடிந்ததும் யோசனை வந்தது. ஒழுங்கை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். சொன்ன சொல்லை நான் திருப்பி எடுத்ததில்லை.

“இந்தத் தளிர்க் கொப்பு ரெண்டையும் வெட்டினா எல்லாருக்கும் காணும் மாமி,” என்றார் நவாஸ்.

சில்மியாவைப் பார்த்தேன். “மரம் உங்கட,” என்றாள்.

இலை இலையாகத் திருப்பினோம். கடல் பக்கத்து முற்றிய கொப்பு ஒன்றில்தான் ஒன்றும் இல்லை. அதை மட்டும் வெட்டினேன். வெயில் உச்சிக்கு வருமுன் திரும்பிவிட்டோம்.

வீட்டுக்கு ஒரு கட்டுக் கொடுத்தவள், அன்று வீட்டுக்கு ஒரு குச்சி கொடுத்தேன். எதிர்வீட்டு ஹாஜரா சும்மா விடுவாளா?

“என்ன ராத்தா, ஒண்டுதானா? மரமும் நோன்பு புடிச்சிட்டோ?”

“எனக்கு முந்தி ஒருத்தி அங்க வந்து புள்ள பெத்திரிக்கிறா. புள்ளப் பெத்தவள எழுப்ப ஏலுமா?”

அவளுக்கு விளங்கவில்லை. சில்மியா போனை நீட்டினாள். ஹாஜரா நெடுநேரம் பார்த்துவிட்டு, “உங்கட குச்சி எங்க?” என்றாள்.

“மரத்திலதான். இலையோட.”

தலைநோன்பன்று கடைக் குச்சியைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பல் துலக்கினேன். காரம் குறைவுதான். பழகிக்கொண்டேன்.