படம் ஓடாத டேப்

இரண்டு வருடத்துக்கு முன்பு, பங்குனி வெயில் தொடங்கியிருந்த சமயம். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கலர் பவுடர் தொழிற்சாலையின் வாசலில் நடந்தது இது. அங்கே பேக்கிங் பிரிவில் நான் கான்ட்ராக்ட் தொழிலாளி. அப்போதும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கதை படிக்கிற பைத்தியம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. படிக்கிற ஆசை நிற்கவில்லை. திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் புத்தகம் எடுத்து, கைப்பையில் வைத்து வேலைக்குக் கொண்டுபோவேன். மதியம் சாப்பிட அரை மணி நேரம். பத்து நிமிடத்தில் சோற்றை முடித்துவிட்டு மீதி இருபது நிமிடம் ஷெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பேன். அந்த இருபது நிமிடம்தான் ஒரு நாளில் எனக்கே எனக்கான நேரம்.

நாங்கள் கட்டுவது நீலப் பொடி. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் ரேகைக்குள் இருந்து போகாது. ஒருநாள் நான் திருப்பிக்கொடுத்த புத்தகத்தை நூலக அம்மா பிரித்துப் பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் என் கட்டைவிரல் நீலமாக இருந்தது. அவர் பக்கங்களை மெதுவாகப் புரட்டிக் காட்டினார், அவ்வளவுதான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. போதாக்குறைக்கு நாற்பதைத் தாண்டியதில் சின்ன எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிய ஆரம்பித்திருந்தது.

செல்போனில் படிக்கலாம் என்றால், போனைக் காலையிலேயே கேட்டில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். கேமரா இருக்கிற எதுவும் உள்ளே போகக் கூடாது. அப்போதுதான் கேமரா இல்லாத, புத்தகம் மட்டுமே படிக்கிற இ-ரீடர் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. போனஸ் வந்ததும் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் அன்றே சண்டை. ஒன்பதாவது படிக்கிற என் மகளுக்கு டேப், அதாவது டேப்லெட் வேண்டும். காசிமேட்டில் ஐஸ் லாரி ஓட்டும் என் வீட்டுக்காரரும் அவள் பக்கம்.

"அதே துட்டுக்கு டேப்பு வாங்கினா அவளும் படிப்பா, நாமளும் படம் பாக்கலாம். இது இன்னாமே, கலர் கூட கெடையாதாம்!" என்றார்.

நியாயமான பேச்சுதான். ஆனால் டேப் வீட்டுக்கு வந்தால் அது என் கைக்கு வராது என்பது எனக்குத் தெரியும். கல்யாணமாகி பதினேழு வருடத்தில் எனக்கென்று மட்டும் நான் எதுவும் வாங்கியதில்லை. கட்டுகிற புடவையைக்கூட அடுத்த வருடம் மகளுக்குப் பாவாடையாகத் தைக்கலாமா என்று பார்த்துத்தான் எடுத்திருக்கிறேன். இந்த ஒரு தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று நின்றேன்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு கடை. கடைக்கார பாய் நேர்மையான மனிதர். இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்தார்.

"தோ பாரும்மா, டேப்புல எல்லாம் கீது. படம், பாட்டு, வீடியோ கால். இதுல எழுத்து மட்டும்தான். வாங்கிகினு போயிட்டு நாளைக்கு வந்து மாத்திக் குடுன்னு பேஜாரு பண்ணக் கூடாது."

"வெயில்ல எது பாய் நல்லாத் தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே இரண்டையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். நடு மத்தியானம். டேப்பில் என் முகமும் மேலே போகிற மின்சார ஒயரும்தான் தெரிந்தன. இ-ரீடரில் எழுத்து அச்சடித்த காகிதம் மாதிரி கறுப்பாக நின்றது. பாய் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். கண்ணாடி போடாமலே படித்தேன். பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போட்ட பழைய புத்தகங்கள் இதில் பொடி எழுத்தாகத்தான் தெரியும், டைப் அடித்த புத்தகமாகப் பார்த்து ஏற்று என்று ஒரு எச்சரிக்கையும் சொன்னார். ஒரு தடவை சார்ஜ் போட்டால் மூன்று வாரம் வரும் என்றார். பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் உதட்டைச் சுழித்துக்கொண்டே உட்கார்ந்து அதில் பத்துப் புத்தகம் ஏற்றிக்கொடுத்தாள். "உனக்கு மட்டும்தான எல்லாம்" என்று ஒரு சொல் சொன்னாள். சுருக்கென்றது. ஆனாலும் திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, நீலம் ஒட்டினால் துடைத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தோடு வேலைக்குப் போனேன். கேட்டில் பெண்களைச் சோதிக்க ஒரு செக்யூரிட்டிப் பெண் உண்டு. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், காத்திவாக்கம் பக்கம் மீனவக் குப்பத்துக்காரி. தினமும் என் பையைத் திறந்து பார்க்கிறவள்தான், ஆனால் அவளோடு நான் நின்று பேசியதே இல்லை.

"இன்னாக்கா இது, டேப்பா?"

"டேப் இல்ல. படிக்கிறது. கேமரா எல்லாம் கெடையாது."

"அப்டித்தான் தெரீது. ஆனா நான் உட முடியாதுக்கா. சார ஒரு வார்த்தை கேட்டுக்கறேன், அப்டிக்கா நில்லு."

எனக்குப் பின்னால் இருபது பெண்கள். சங்கு ஊத ஐந்து நிமிடம்தான் இருந்தது. வீட்டில் பட்ட எரிச்சல், மகள் சொன்ன சொல் எல்லாம் சேர்ந்து அவள் மேல் இறங்கியது.

"படிப்பு வாசனையே இல்லாதவங்கள கேட்ல நிறுத்தினா இப்டித்தான். புக்குன்னு சொன்னா உனக்கு எங்க புரியப்போவுது?"

சத்தமாகவே சொன்னேன். இருபது பேரும் கேட்டார்கள். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. இ-ரீடரை மேஜையில் வைத்தாள்.

சத்தம் கேட்டு செக்யூரிட்டி ஆபீசர் வந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டேப் உள்ளே தடை. தெரியாதா?"

"இது டேப் இல்ல சார்."

"நீ பேக்கிங்தானே? உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? வேலை செய்ய வர்றியா, படிக்க வர்றியா?"

இந்த 'உனக்கு எதுக்கு' என்ற கேள்வியைப் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று என்னவோ கேட்டுக்கொண்டு போக முடியவில்லை.

"சங்கு ஊதினா வேலை சார். சோத்து நேரம் என்னுது. அதுல நான் தூங்கினாலும் படிச்சாலும் கம்பெனிக்கு இன்னா?"

அவ்வளவுதான். இ-ரீடர் லாக்கருக்குப் போனது. தடை செய்த பொருளைக் கொண்டுவந்ததற்கும் கேட்டில் கூச்சல் போட்டதற்கும் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார்.

மதியம் எங்கள் கான்ட்ராக்டர் ஓடி வந்தார். "ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டுப் போம்மா. இல்லன்னா உன்ன நிறுத்தச் சொல்லுவான். ஒனக்குப் பதிலா நாளைக்கே ஆள் வரும்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அந்தச் சாலையில் வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டமே இல்லை. ஆனால் எந்தத் தப்பை எழுதுவது? படிக்க ஆசைப்பட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றா? மன்னிப்புக் கடிதம் எழுதவில்லை. அதற்குப் பதிலாக ஒரு விண்ணப்பம் எழுதினேன். 'இதில் கேமரா இல்லை, சிம் இல்லை, பேச்சைப் பதிவு செய்ய முடியாது. உணவு இடைவேளையில் படிக்க அனுமதி வேண்டும். இல்லையென்றால் எந்த விதிப்படி இல்லை என்று எழுத்தில் தரவும்.' அழகாகத் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடுத்தேன்.

சாயந்திரம் லாக்கரிலிருந்து வாங்கிப்போன இ-ரீடரை மறுநாளும் கொண்டுபோனேன். ஒளிக்கவில்லை. நானே பையிலிருந்து எடுத்துக் கேட் மேஜையில் வைத்து, "என் லெட்டருக்குப் பதில் வந்துச்சா?" என்று கேட்டேன். இல்லை என்றார்கள். லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போனேன். சாயந்திரம் வாங்கிக்கொண்டேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு 'டேப்புக்காரி' என்று பேர் வைத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு சின்ன விஷயம் மட்டும் எனக்குக் குழப்பமாக இருந்தது. வீட்டுக்கு வந்து திறந்தால் நான் விட்ட பக்கத்தில் கதை நிற்கவில்லை, எங்கேயோ முன்னால் போயிருந்தது. மகள் நோண்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மேனேஜர் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் செக்யூரிட்டி ஆபீசர், எங்கள் கான்ட்ராக்டர், ஓரத்தில் அந்தச் செக்யூரிட்டிப் பெண். திங்கட்கிழமை என்ன நடந்தது என்று சாட்சி சொல்ல அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். நான் சொன்னதை அவள் அப்படியே சொன்னால் போதும், என்னைத் தூக்கிவிடுவார்கள்.

"கேட்ல இந்தம்மா கூச்சல் போட்டாங்களா?" என்று மேடம் கேட்டார்.

"லேட்டாயிடுச்சின்னு கொஞ்சம் பதட்டமா பேசினாங்க மேடம். எல்லாரும் பேசறதுதான்."

என்னால் நம்ப முடியவில்லை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

ஆபீசர் விடவில்லை. "கேமரா இல்லைன்னே வச்சுக்குவோம். ஒயரைச் சொருகினா உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்லேருந்து எதை வேணும்னாலும் ஏத்திக்கலாமே மேடம். பெரிய பென்டிரைவ் மாதிரிதான் இது."

உண்மையைச் சொன்னால், நான் அப்படி யோசித்தே பார்க்கவில்லை. அப்போது அவள் முதல்முறையாக என் பக்கம் திரும்பினாள்.

"யக்கா, இதுக்கு ஒருதபா சார்ஜ் போட்டா எத்தினி நாள் நிக்கும்?"

"மூணு வாரம்."

"அப்டின்னா சரியாப்போச்சு சார்" என்று ஆபீசரிடம் சொன்னாள். "லாரி டிரைவருங்க போன் கேமரா மேல சீல் ஸ்டிக்கர் ஒட்றோம்ல, அதே ஸ்டிக்கர இந்த சார்ஜ் போட்ற ஓட்ட மேல ஒட்டிடலாம். பிரிச்சா கிழியும், தெரிஞ்சிடும். டேப்புன்னா தினம் சார்ஜ் போடணும், முடியாது. இது மூணு வாரம் நிக்கிதே, ஒருதபா சார்ஜ் போட்டதும் புதுசு ஒட்டிடலாம். காத்துல ஏத்தறதுக்கு நம்ம வைஃபை பாஸ்வேர்டு இவங்களுக்குத் தெரியாது, இவங்க போனும் நம்ம கிட்டதான் கீது. காலையில உள்ள போறப்பயும் சாய்ந்தரம் வெளிய போறப்பயும் ஸ்டிக்கர நான் பாக்கறேன். எதுனா ஆச்சுன்னா என்னக் கேளுங்க மேடம். என் பொறுப்பு."

அவளும் என்னைப் போல ஒரு கான்ட்ராக்ட்டில் வந்தவள்தான். ஆபீசர் முன்னால் அப்படிப் பேசுவது அவள் வேலைக்கே ஆபத்து. மேடம் என் விண்ணப்பத்தை இன்னொரு முறை படித்தார். உணவு இடைவேளையில் மட்டும், ஓய்வு ஷெட்டில் மட்டும், ஸ்டிக்கரோடு மட்டும் என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மன்னிப்புக் கடிதம் பற்றி ஆபீசர் ஏதோ ஆரம்பித்தார். "அதான் முடிஞ்சுதே" என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த ஃபைலை எடுத்தார்.

ஜெயித்துவிட்டேன். ஆனால் வெளியே வரும்போது என் கால் தரையில் நிற்காமல் துள்ளியிருக்க வேண்டும், துள்ளவில்லை. திங்கட்கிழமை நான் சொன்ன வார்த்தை காதிலேயே கிடந்தது.

சாயந்திரம் ஷிப்ட் முடிந்து எல்லோரும் பஸ் நிறுத்தத்துக்குப் போன பிறகு கேட்டிலேயே நின்றேன். ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவள் பதிவேட்டை மூடிவிட்டு வந்தாள்.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு. எல்லார் எதிர்லயும் உன்ன அப்டி சொல்லியிருக்கக் கூடாது. என்ன மன்னிச்சிரும்மா" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "சார் மூணு நாளா கேட்டாரு, எழுத மாட்டேன்னு நின்னுகினு இருந்த. இப்போ சும்மா வந்து என்கிட்ட கேக்குறியேக்கா!"

"அவருகிட்ட நான் தப்பு பண்ணல. உன்கிட்ட பண்ணேன்."

அவள் சிரிப்பு நின்றது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நானும் ஒரு தப்பு பண்ணேன்க்கா. உன்னுது மூணு நாளா லாக்கர்ல கெடந்துச்சில்ல, மத்தியானம் தொறந்து பாத்தேன். கேமரா கீதான்னு பாக்கத்தான் தொறந்தேன். அப்புறம் மூட முடியல. அந்தக் கதையில வூட்ட உட்டுப் போச்சே ஒரு பொண்ணு, அது திரும்ப வந்துச்சா?" என்றாள்.

பக்கம் ஏன் தானாக முன்னால் போயிருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. மூன்று நாளில் அவள் என்னைத் தாண்டிப் படித்திருந்தாள். நான் இன்னும் அந்த இடத்துக்கே வரவில்லை என்று சொன்னேன். இருவரும் கேட்டருகே நின்று சத்தமாகச் சிரித்தோம்.

மகளுக்கு அடுத்த வருடம் டேப் வாங்கினோம். அதில் அவள் என்ன செய்கிறாள் என்பது வேறு கதை. என் இ-ரீடரின் ஓரமெல்லாம் நீலம் ஏறிவிட்டது, எழுத்து மட்டும் அன்று போலவே இருக்கிறது. ஷெட்டில் இப்போது நாங்கள் நான்கு பேர் படிக்கிறோம். யாராவது புதிதாக வந்து 'உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்' என்று கேட்டால், இன்றும் எழுந்து நின்றுதான் பதில் சொல்கிறேன். ஆனால் எதிரே நிற்பது என்னைத் தடுக்க நினைக்கிறவரா, என்னைப் போலவே யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவரா என்று ஒரு கணம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் வாயைத் திறக்கிறேன்.