தவிட்டுக்கு வாங்கிய வாருணி

செந்தில்வேல் கொழும்பிலிருந்து போட்ட கடிதம் வந்தது. அவன் ஏறிய தோணி வரவில்லை. அது 1943 ஐப்பசி.

“பெண் பிறந்தால் வாருணி என்று வை. வருணன் கடலுக்கு அரசன். வாருணி அவன் மகள். பாற்கடலைக் கடைந்தபோது எழுந்து வந்தவளாம். இங்கே கோயிலில் ஒரு சாஸ்திரி சொன்னார்” என்று எழுதியிருந்தான்.

உடல் கிடைக்காததால் அவன் மனைவி சண்முகத்தாய் தாலியைக் கழற்றவில்லை. மார்கழியில் பெண் பிறந்தது. பிரசவம் பார்த்த நர்ஸ் முத்துக்கனி பதிவுக்குப் பெயர் கேட்டாள்.

“அந்தப் பேரு வேண்டாங்க்கா. அவுகள முழுங்குன கடலுக்கு எம் புள்ளைய மவளாவும் எழுதிக் குடுக்கணுமா?”

பிள்ளை தங்காது என்று பயந்தால் அந்தக் கடற்கரைப் பக்கத்தில் ஒரு வழி உண்டு. சண்முகத்தாய் குழந்தையை முத்துக்கனி மடியில் போட்டு, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினாள். தவிட்டு விலைக்குப் போன பிள்ளையைக் கடலும் கேட்டு வராது. தவிட்டம்மாள் என்று பெயர் வைத்தாள். கடிதம் அரிசிப் பானைக்கு அடியில் போயிற்று. பிள்ளையோடு உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போனாள்.

தவிட்டம்மாள் என்று கூப்பிட்டால் பிள்ளை ஒருநாளும் திரும்பியதில்லை. அதற்கு மூன்று வயதானபோது, காது கேட்கவில்லையோ என்று சண்முகத்தாய் முத்துக்கனியிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். நர்ஸ் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் தட்டில் கரண்டியைத் தட்டினாள். பிள்ளை வெடுக்கென்று திரும்பியது.

“காதெல்லாம் நல்லாத்தான் கேக்கு. ஒன்னைய மாதிரியே வீம்பு புடிச்சவ, வேற ஒண்ணுமில்ல.”

அடுத்த வைகாசியில் ஒரு மத்தியானம், உப்பள வரப்பில் உட்கார்த்தியிருந்த பிள்ளையைக் காணோம். சண்முகத்தாய் கரைக்கு ஓடினாள். பிள்ளை இடுப்பளவுத் தண்ணீரில், கடலைப் பார்த்து நின்றது.

“தவிட்டம்மா! ஏளா, தவிட்டம்மா!”

இன்னும் ஓரடி வைத்தது. அலை நெஞ்சைத் தொட்டது. ஓடி எட்டுகிற தூரமில்லை.

“வாருணீ!”

பிள்ளை திரும்பி, சாவகாசமாகக் கரைக்கு நடந்து வந்தது.

“இந்தப் பேர ஒனக்கு யாருளா சொன்னா?”

“அப்பா. தெனமும் கூப்புடுதாவ” என்று கடலைக் காட்டியது.

“அந்தப் பேர ஒறக்கத்துல நீதான் ஒளறியிருப்ப” என்றாள் நடந்ததைக் கேட்ட முத்துக்கனி. இருக்கலாம். சண்முகத்தாய் வாதாடவில்லை. “எதுவா இருந்தாலும் அவுக கூப்புடறதுக்கு முந்தி நான் கூப்புட்டுரணும்க்கா” என்றாள்.

அன்றுமுதல் விடிந்ததும் முதல் வேலை, பிள்ளை முகத்துக்கு நேரே குனிந்து “வாருணி” என்று மூன்று தரம் கூப்பிடுவது. சில நாள் பிள்ளை கண்ணைத் திறக்காமலே, “அப்பா அப்பமே கூப்புட்டாச்சு” என்று சொல்லும்.

அந்த நாட்களில் சண்முகத்தாய் உப்பளத்துக்குப் போகமாட்டாள்; கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையோடு வீட்டுக்குள்ளேயே இருப்பாள்.