வளர்ச்சியைச் சந்தேகித்த பிலோமினா மேடம்

எங்கள் வங்கியில் ஓய்வுபெற்றவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கங்களும் சாமி படங்களும் வந்துகொண்டே இருக்கும். சென்ற வாரம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நான் தக்காளிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அதில் ஒரு வரி வந்து விழுந்தது: "நமது பிலோமினா மேடம் இன்று காலை காலமானார்." கூப்பிய கைகளும் கண்ணீர் முகங்களும் வரிசையாகத் தொடர்ந்தன. ஒருவர் மட்டும், "செய்தி உறுதியா? யார் விசாரித்தது?" என்று கேட்டிருந்தார். இந்த நேரத்தில் இப்படியா கேட்பது என்று மற்றவர்கள் அவரைக் கடிந்துகொண்டார்கள். எனக்கென்னவோ மேடத்துக்குச் செலுத்தப்பட்ட முதல் அஞ்சலி அந்தக் கேள்விதான் என்று பட்டது. நானும் நம்பவில்லை. அவர் வீட்டுக்கே போன் செய்தேன். தங்கை எடுத்தார். "உண்மைதாண்ணே" என்று மட்டும் சொன்னார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிலோமினா மேடம் திண்டுக்கல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் கொடைரோடு ரயில் நிலையத்தில் சரக்குப் பிரிவில் எழுத்தராக இருந்தவர். மேடம் எங்கள் வங்கியில் காசாளராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, திண்டுக்கல் மண்டல அலுவலகத்தின் கடன் கண்காணிப்புப் பிரிவுக்குத் தலைவரானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாரோ கேட்டதற்கு, "விசாரிச்சுப் பாத்தேன், ஒண்ணும் சரியா அமையல" என்றாராம்.

நான் அதே அலுவலகத்தில் வணிக வளர்ச்சிப் பிரிவில் இருந்தேன். எங்கள் இருவர் மேசைகளுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. கடனைப் பெருக்குவது என் வேலை. கொடுத்த கடன் திரும்பி வருமா என்று பார்ப்பது அவர் வேலை. எங்களுக்குள் நல்லுறவு நிலவியது என்று நான் இங்கே எழுதினால் அவரே எழுந்து வந்து மறுப்பார்.

எங்களுடையது தெற்கத்தி வியாபாரிகள் கூடித் தொடங்கிய சிறிய வங்கி. நெடுங்காலம் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. பிறகு வடக்கேயிருந்து புதிய நிர்வாக இயக்குநர் ஒருவர் வந்தார். சில ஆண்டுகளுக்குள் கடன் தொகையை இரட்டிப்பாக்க வேண்டும் என்று திட்டம் வகுத்தார். அதற்குக் குறுக்கு வழியாகக் கிடைத்தது நகைக்கடன். பொருள் கையில் இருக்கும், ஆவணச் சிக்கல் குறைவு, உடனே கொடுத்துவிடலாம். காலாண்டுக்குக் காலாண்டு லாபம் ஏறியது. வாராக்கடன் விகிதம் இறங்கியது. பங்குச் சந்தையில் எங்கள் பெயர் அடிபட ஆரம்பித்தது. மண்டல அலுவலகத்தில் கேக் வெட்டினோம்.

மேடம் கேக்கைக் கையில் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "சார், வாராக்கடன் கொறைஞ்சிருச்சா, இல்ல மொத்தக் கடன் பெருத்ததுல கொறைஞ்ச மாதிரித் தெரியுதா? பால்ல தண்ணிய ஊத்துனா பாலும்தான் கூடும்."

"இன்னைக்கு ஒரு நாளாச்சும் சந்தோசமா இருங்க மேடம்" என்றேன்.

"சந்தோசமாத்தான் கேக்குறேன்."

அந்த நாட்களில் அலுவலகமே ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்கும் இடமாக மாறியிருந்தது. மேடம் எந்தக் கிளையைப் பற்றி விசாரிக்கிறார் என்று கிளை மேலாளர்கள் எனக்குப் போன் செய்து கேட்பார்கள். அவர் உணவறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அவரைப் பற்றித் தலைமையகத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசியும் போனது. ஆத்தூரில் அவர் தம்பி அடகுக்கடை வைத்திருக்கிறார், நம் வங்கி நகைக்கடனைக் குறைத்தால் அந்தக் கடைக்கு ஆள் சேரும், அதற்காகத்தான் இந்த அம்மாள் முட்டுக்கட்டை போடுகிறார் என்று அதில் இருந்ததாகக் காதில் விழுந்தது. நான் அதைப் பாதி நம்பினேன்.

மண்டலத்திலேயே நகைக்கடனில் முதலிடம் பிடித்தது பாலசமுத்திரம் கிளை. பழநிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிற சிற்றூர். அங்கே இவ்வளவு கடன் எப்படிக் குவிந்தது என்று மேடத்துக்கு உறுத்தியது. மேலாளர் கந்தசாமி போலி நகைகளுக்குக் கடன் கொடுத்துக் கணக்கைப் பெருக்குகிறார் என்பது அவர் ஊகம். முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்க்க அனுமதி வாங்கினார். வளர்ச்சிப் பிரிவின் சார்பில் நானும் கூடப் போனேன். உண்மையைச் சொன்னால், அவரைக் கண்காணிக்கத்தான் என்னை அனுப்பினார்கள்.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் தம்பி விஷயத்தைக் கேட்டே விட்டேன். அவர் முகம் மாறவில்லை.

"இம்புட்டு நாளா இதை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா எங்கூட டீ குடிச்சீங்க?" என்றார். "எந்தம்பி கடை வச்சிருக்கது உண்மை. நான் இந்தப் பொறுப்புக்கு வந்த அன்னைக்கே மண்டல மேலாளருகிட்ட எழுதிக் குடுத்திருக்கேன். என் வார்த்தைய நம்பாதீங்க. ஊருக்குத் திரும்புனதும் அவருகிட்டயே போயிக் கேட்டுக்கங்க." சற்றுப் பொறுத்து, "சந்தேகம் வந்தா மூஞ்சிக்கு நேரா வரணும் சார். முதுகுக்குப் பின்னாடி வந்தா அதுக்குப் பேரு வேற" என்றார்.

திரும்பி வந்ததும் கேட்டேன். அவர் சொன்னது சரிதான்.

பாலசமுத்திரத்தில் கந்தசாமி எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். இளநீர் வெட்டச் சொன்னார். "வேலை முடியட்டும்" என்றார் மேடம். உள்ளூர் ஆளை நம்பாமல் திண்டுக்கல்லிலிருந்தே நகை மதிப்பீட்டாளர் ஒருவரைக் கூட்டி வந்திருந்தோம். பெட்டக அறையைத் திறந்து, மேடம் தன் விருப்பத்துக்குச் சுட்டிய பைகளையெல்லாம் பிரித்து உரசிப் பார்த்தார்கள். கந்தசாமி சுவரோரமாகக் கைகட்டி நின்றார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதையும் மேடம் கவனித்ததை நான் கவனித்தேன்.

எல்லாமே நல்ல தங்கம். எடை சரியாக இருந்தது. ஒரு குறையும் இல்லை.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கிளம்பலாமா என்றேன். மேடம் வெளியே வந்து, வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சில் ஒரு பெண்மணியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நகையை வைக்க வந்தீர்களா, மீட்க வந்தீர்களா என்று விசாரித்தார்.

"ரெண்டுமில்லீங்க. மாத்தி வெக்க வந்தேன்" என்றார் அந்தப் பெண்மணி. "எங்கம்மா போட்ட ஆரமுங்க. வருசக்கணக்கா இங்கதான் கெடக்குது. தங்கம் வெலை ஏற ஏறக் கடனும் கூடக் குடுக்கறாங்க. பழைய கடனையும் வட்டியையும் அவிகளே கழிச்சுக்குவாங்க. மிச்சம் கொஞ்சம் கைக்கு வருமுங்க. உரத்துக்கும் பசங்க பீசுக்கும் ஆகும்."

"கையிலேருந்து கடைசியா வட்டி எப்பம்மா கட்டுனீங்க?"

அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். "கையிலிருந்துங்களா? தென்னையில வெள்ளை ஈ விழுந்ததுலருந்து கையில என்னங்க இருக்குது?"

மேடம் அடுத்தவரிடம் கேட்டார். அதற்கடுத்தவரிடமும் கேட்டார். எல்லோரும் ஏறத்தாழ அதையேதான் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கே விளங்கியது. நகை அதேதான், ஆளும் அதே ஆள்தான். விலை ஏறியதால் பழைய கடன் முடிந்ததாகவும், அதைவிடப் பெரிய புதுக் கடன் பிறந்ததாகவும் எங்கள் கணக்கில் பதிந்துகொண்டிருந்தது. முடிந்த கடனில் பாக்கி தெரியாது. பிறந்த கடன் வளர்ச்சியாகத் தெரியும். விதியை யாரும் மீறவில்லை.

மேடம் எழுந்து கந்தசாமியிடம் போனார். ஊழியர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், உங்களத் திருடன்னு நெனச்சுத்தான் வந்தேன். அது தப்பு. மன்னிச்சுக்கங்க."

"ஏனுங்க மேடம், சந்தேகப்பட்டீங்க, தொறந்து பாத்தீங்க, இல்லைன்னு ஆனதும் வாயத் தொறந்து சொல்லிட்டீங்க. சந்தேகத்தை மனசுலயே வெச்சுக்கிட்டுப் பிரமோசனை மட்டும் நிறுத்துறவங்களத்தானுங்க நான் பாத்திருக்கறேன்" என்றார் கந்தசாமி. அதன் பிறகுதான் மேடம் இளநீர் குடித்தார்.

திரும்பும் வழியில், "கள்ளன் இருந்தா புடிச்சிரலாம் சார். இங்க கள்ளனே இல்ல. அதான் பயமா இருக்கு" என்றார்.

மாற்றி வைத்த பழைய நகைக்கும் புதிதாக வந்த நகைக்கும் உள்ள கடனைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்று அறிக்கை எழுதினார். உண்மையான புது வளர்ச்சி மிகக் குறைவு என்பது அதன் சாரம். தலைமையகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி திண்டுக்கல்லுக்கே வந்துவிட்டார். மண்டல மேலாளர் அறையில் நாங்கள் நால்வரும் உட்கார்ந்தோம்.

"நகை நம்ம பெட்டகத்துல இருக்கு. விலை ஏறிக்கிட்டே இருக்கு. இதுல என்னம்மா ஆபத்து?" என்றார் அதிகாரி.

"வெலை எறங்குச்சின்னா? இல்ல, வட்டியக் கட்டாம மாத்தி வைக்கக் கூடாதுன்னு மேலேருந்து உத்தரவு வந்துச்சின்னா? வட்டி கட்டுற பழக்கமே விட்டுப்போன சனங்க அன்னைக்கு எங்க சார் போவாங்க?"

நான் அவருக்கு எதிராகத்தான் பேசினேன். தங்கம் போலி என்ற ஊகம் பொய்த்ததைச் சுட்டிக்காட்டி, இதுவும் அப்படியே ஆகலாம் என்றேன். "ஆகலாம். அப்படி ஆச்சுன்னா நல்லதுதான். இப்ப எழுதி வைப்போம்" என்றார் மேடம். அந்த ஒரு பத்தியை மட்டும் நீக்கித் தரும்படி அதிகாரி தணிந்த குரலில் கேட்டார். மேடம் மறுத்துவிட்டார். அடுத்த இடமாற்றப் பட்டியலில் அவர் பயிற்சி மையத்துக்குப் போனார். வங்கியின் அந்த வருட ஆண்டறிக்கையின் வழவழப்பான தாளில் பாலசமுத்திரம் கிளையின் படம் வந்தது. ஈவுத்தொகையும் கூடியது.

அதற்கப்பால் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. கந்தசாமி பயிற்சி மையத்துக்கே போன் செய்து, "நம்ம கிளையில என்ன பண்ணலாமுங்க மேடம்?" என்று கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தேங்காய் வெட்டுக்குப் பிறகும் சிறிதளவாவது வட்டியைக் கையிலிருந்து கட்ட வையுங்கள் என்றிருக்கிறார் மேடம். கந்தசாமி தோப்புத் தோப்பாக நடந்தார். கிளையின் வளர்ச்சி சரிந்தது. கூட்டங்களில் அவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கேள்வி கேட்டார்கள். கேட்டவர்களில் நானும் உண்டு. அது என் பதவியின் வேலை.

பிறகு மேலிடத்து விதிகள் இறுகின. வட்டியைக் கட்டினால்தான் நகையை மாற்றி வைக்கலாம் என்றானது. மண்டலம் முழுவதும் கிளைகளில் கூட்டம். கட்ட வழியில்லாதவர்களின் நகைகள் ஏலத்துக்கு வந்தன. பாலசமுத்திரத்தில் ஏலம் அபூர்வமாகவே நடந்தது.

திண்டுக்கல்லில் நடந்த ஓர் ஏலத்துக்கு மேடம் வந்தார். அப்போது அவர் ஓய்வுபெற்றிருந்தார். பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தவரை நான்தான் முதலில் பார்த்தேன். பக்கத்தில் போய், "நீங்க அன்னைக்கே சொன்னீங்க மேடம்" என்றேன்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு முறைதான். "அதை எங்கிட்ட வந்து சொல்லாதீங்க. அந்தா தூணோரமா ஒரு பொம்பள அழுதுக்கிட்டு நிக்குது பாருங்க. போயி ஒரு நாற்காலி போடுங்க."

நாற்காலி போட்டேன். அந்தக் காலாண்டில் லாபம் விழுந்தது. விதிமுறை மாற்றங்களால் ஏற்பட்ட தற்காலிகச் சரிவு என்று தலைமையகம் அறிக்கை விட்டது. மேடத்தின் பெயரை யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் நண்பர்களானோம் என்றே சொல்லலாம். செய்தித்தாளில் ஏதாவது வங்கியின் காலாண்டு முடிவு வந்தால் போன் செய்வார். "லாபம் எதுலேருந்து வந்துச்சுன்னு பாத்தீங்களா?" என்பார். பெரும்பாலும் நான் பார்த்திருக்க மாட்டேன்.

கடந்த சில மாதங்களாக அவருக்கு இதயக் கோளாறு. மருத்துவமனையிலிருந்து வந்திருந்தபோது போய்ப் பார்த்தேன். மிகவும் மெலிந்திருந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"ரிப்போர்ட்டு நல்லாருக்குங்குறாரு டாக்டரு. சொல்லும்போது என் மூஞ்சியப் பாக்கல."

"நீங்க டாக்டரையுமா மேடம்?" என்று சிரித்தேன்.

"நீங்களும் பாக்கல சார்" என்றார்.

அடக்கத்துக்கு வங்கியின் சார்பில் பெரிய மலர்வளையம் வந்திருந்தது. இப்போதைய மண்டல மேலாளர், அவரை ஒரு நாளும் சந்தித்திராதவர், "நமது வங்கியின் வளர்ச்சிப் பயணத்தில் தோளோடு தோள் நின்றவர்" என்று பேசினார். கூடவே வந்தவர் அதைச் செல்போனில் படம் பிடித்தார். எதற்காகப் பிடிக்கிறார், எங்கே போடப்போகிறார் என்று என் மனம் ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். ஜெபம் முடிந்ததும் அவர்கள் கார் ஏறிப் போனார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்தாரும் நாங்கள் சிலரும் மிஞ்சினோம். பாலசமுத்திரத்திலிருந்து பேருந்தில் வந்திருந்த கந்தசாமி என் பக்கத்தில் நின்றிருந்தார். சிறுமலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டிருந்தது. உறவினர்கள் ஒவ்வொருவராகக் குழிக்குள் மண் போட்டார்கள்.

"நாம போடலாமுங்களா?" என்று கந்தசாமி என் காதருகே கேட்டார்.

"போடலாம்" என்றேன்.

என் பங்கை நான் போட்டேன். மேடம், எதிரில் உட்கார்ந்து என்னை மறுத்துப் பேச இனி யாரும் இல்லை. போய் வாருங்கள். கந்தசாமி குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளினார். உடனே போடவில்லை. உள்ளங்கையை விரித்து, அதில் கிடந்த கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைத்தார். பிறகு மண்ணை மட்டும் மெதுவாக உதிர்த்தார்.